துறைமுகத்தில் இல்லாத கடல்நாய்

செவ்வாய், ஜூன் 10

காலையிலேயே புழுக்கம். மழை வருவதுபோல் இருட்டிவிட்டு வராமல் போனது. லிஃப்ட் மறுபடி பழுது. இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினேன்; எதிரே இறங்கிய பக்கத்து வீட்டுச் சீன அம்மாளும் நின்று வாங்கினார். இருவரும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டோம்.

கோலாலம்பூரில் பத்திரிகை அலுவலகத்திலிருந்து நவீன், போனில். சிறுவர் பக்கம் இப்போது அவர் பொறுப்பு.

"அக்கா, பிள்ளைங்களுக்கு ஒரு பிராணிக் கட்டுரை வேணும். புலி, யானை எல்லாம் போட்டாச்சு. ஹார்பர் சீல் எழுதுறீங்களா? படம் கையில இருக்கு."

"படம் இருக்குன்னுதான் அந்தப் பிராணியா?"

"ஆமாக்கா." பொய் சொல்ல வராத பையன்.

கோர்ட், துறைமுகம், நகராண்மைக் கழகம் என்று செய்தி எழுதியே காலம் தள்ளியவளுக்குக் கடைசியில் இது. சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும்.

வாங்க: பல்பு, இஞ்சி, முட்டிக்குத் தைலம், பூனைக்கு ஏதாவது.

புதன், ஜூன் 11

கெலுகோர் நூலகத்தில் பகல் முழுதும். ஏர்கோண்ட் அதிகம்; சால்வை கொண்டுபோயிருக்க வேண்டும். சீலுக்கு ஏற்ற குளிர்.

எழுதிக்கொண்டவை:

- வடக்கே, குளிர்ந்த கடலோரங்களில். பாறை, மணல்திட்டு, ஆற்று முகத்துவாரம். தூரம் போகாது, பழகிய கரைக்கே திரும்பத் திரும்ப வரும்.
- நீர் வற்றும்போது கரையேறிப் படுக்கும். தலையும் வாலும் மேலே தூக்கியபடி, வாழைப்பழம் போல வளைந்து.
- காலுக்குப் பதில் துடுப்பு. நிலத்தில் வயிற்றாலேயே உந்தி உந்தி நகரும். பார்க்கப் பாவம். தண்ணீரில் இறங்கிவிட்டால் வேறு ஆள்.
- வெளிக்காது கிடையாது. தலையின் இருபக்கமும் துளை மட்டும். (நல்ல அடையாளம். கட்டாயம் சேர்க்க.)
- மீசை. இருட்டிலும் கலங்கலிலும் மீன் நீந்திப் போன தடத்தை மீசையாலேயே கண்டுபிடிக்கும். மீன் போய்விட்ட பிறகும்!
- தண்ணீருக்குள் நிமிர்ந்து நின்றபடி தூங்கும். மூக்கு மட்டும் வெளியே. போத்தல் மிதப்பதுபோல்.
- குட்டி: ஒரு பிரசவத்தில் ஒன்று. பிறந்த அன்றே நீந்தும். தாய்ப்பால் கெட்டியாக, கொழுப்பாக இருக்கும். சில வாரங்களில் குட்டி உருண்டுவிடும்.
- தாய் இரைதேடப் போகும்போது குட்டியைக் கரையில் விட்டுப் போகும். ஆள்கள் அநாதை என்று நினைத்துத் தூக்கிவிடுகிறார்கள். தாய் திரும்பி வந்தால் குட்டி இல்லை.

கடைசிச் செய்தியைத்தான் கட்டுரையின் நடுவாக வைக்கப் போகிறேன். பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான் என்றால் அது அதுவாக இருக்கட்டும்.

இரவு ரசம், அப்பளம்.

வியாழன், ஜூன் 12

மழை. நல்ல மழை.

பெயர்தான் தொல்லை. சீல் என்று எழுதினால் பிள்ளைகளுக்கு அலுவலகத்தில் குத்தும் சீல் நினைவுக்கு வரும். மலாய்ப் பாடத்தில் 'அஞ்சிங் லாவுட்' என்று படிக்கிறார்கள். அதையே தமிழில் கடல்நாய் என்றால் உடனே பிடிபடும். இந்த வகைக்கு ஆங்கிலத்தில் துறைமுகத்தின் பெயர். ஆக, துறைமுகக் கடல்நாய்.

நவீனுக்குச் சொன்னேன். "சூப்பர்க்கா. தலைப்பே அதுதான்."

கட்டுரை முடிந்தது. எழுதிய வரிகளில் எனக்குப் பிடித்தவை:

'குட்டி தனியாகக் கிடந்தால் அதற்கு யாரும் இல்லை என்று பொருள் இல்லை. தொடாதீர்கள். தூக்காதீர்கள். தள்ளி நின்று காத்திருங்கள். அம்மா மீன் பிடிக்கப் போயிருக்கிறாள்.'

கடைசிப் பாரா: 'இவை குளிர் கடலில்தான் வாழும். நம் நாட்டுக் கடலில் இல்லை. பட்டர்வொர்த் துறைமுகத்தில் போய்த் தேடாதீர்கள்!'

அனுப்பிவிட்டேன். முட்டி பரவாயில்லை.

ஞாயிறு, ஜூன் 15

பூசை முடிந்து பத்திரிகை வாங்கினேன். பக்கம் அழகாக வந்திருக்கிறது. படத்தில் தண்ணீருக்கு மேலே ஒரு தலை, மீசை, பெரிய கண். அவ்வளவுதான். உடம்பு தெரியவில்லை.

கடைசிப் பாராவைக் காணோம். அந்த இடத்தில் மெத்தை விளம்பரம்.

நவீனைக் கூப்பிட்டேன்.

"ஆட் பெருசா வந்திருச்சுக்கா. கடைசிப் பாராதானே, எடுத்துட்டேன்."

கோபிக்க முடியவில்லை. செய்தி எழுதுபவர்கள் முக்கியமானதை உச்சியில் வைப்போம். இடம் போதாவிட்டால் வாலிலிருந்து வெட்டுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. அவர் வழக்கப்படி வெட்டினார். நான் வழக்கத்தை மறந்து, முக்கியமானதை வாலில் வைத்தேன்.

மதியம் தூக்கம். பூனை கருவாட்டைத் தொடவில்லை.

புதன், ஜூன் 18

ரெஜினா டீச்சரின் வாட்ஸ்அப். பட்டர்வொர்த்தில், பாகான் டாலாமில் வீட்டின் கீழ்த்தளத்தில் டியூஷன் நடத்துகிறவர். மாதா கோயில் பாடகர் குழுவில் பழக்கம். பிள்ளைகள் வரைந்த கடல்நாய்ப் படங்களை அனுப்பியிருந்தார். ஒன்றுக்கு ஆறு கால். ஒன்றின் கழுத்தில் நாய்ப் பட்டை.

பின்னாலேயே ஒரு குரல் பதிவு: "அக்கா, கிளாஸ் முடிஞ்சதும் எல்லாம் ஆத்துப் பக்கம் போய்த் தேடுதுங்க. இங்க இல்லன்னு சொல்லிட்டேன். பேப்பர்ல துறைமுகம்னு போட்டிருக்கு, நம்ம ஊருதானே துறைமுகம்னு என்னையே மடக்குதுங்க லா."

சிரித்தேன். தேடிக் களைத்துவிடுவார்கள் என்று பதில் போட்டேன்.

கரண்ட் பில், டெலிபோன் பில் கட்டினேன்.

சனி, ஜூன் 21

சாவகாசமாக எழுதுகிறேன். இன்று நடந்ததை வரிசை மாறாமல் எழுதிவைக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜார்ஜ்டவுனில், மூக்குக் கண்ணாடிக் கடையில் இருந்தேன். ரெ. டீச்சர் போன்.

"அக்கா, உங்க கடல்நாய் வந்திருச்சு!"

படம் அனுப்பினார். பிறை ஆற்றின் முகத்துவாரம், உடைந்த பழைய படகு ஜெட்டி, அதன் கீழே சேறு. சேற்றில் பழுப்பாக, நனைந்த காலுறை போல ஒன்று. பெரிதாக்கிப் பார்த்தேன். தலையின் இருபக்கமும் சின்ன வட்டக் காது. நான்கு கால், விரல்கள். தடித்த வால்.

கடல்நாய் இல்லை. நீர்நாய்க் குட்டி. நம் ஊர் ஆறுகளில், கண்டல் காடுகளில் குடும்பம் குடும்பமாகத் திரியும் நீர்நாய்.

"காலையிலேர்ந்து கிடக்குதாம். பிள்ளைங்க சுத்தி நின்னு காவல் காக்குதுங்க. யாரையும் கிட்ட விடல. முன்வீட்டு மணியண்ணன் பிளாஸ்டிக் பேசின் ஒண்ணை எடுத்துக்கிட்டு வந்தாரு, வீட்ல வளர்க்கிறேன்னு. நம்ம கிளாஸ் காவியா பேப்பரை அவரு கண்ணுக்கு நேரா நீட்டுது."

பின்னால் ஆண் குரல்: "நாலாம் ஆண்டுப் பிள்ளை எனக்குச் சட்டம் சொல்லுது லா!"

அதுவரை எனக்குப் பெருமைதான். பிறகுதான் டீச்சர் சொன்னார், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று.

வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். அதிகாரி சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் மலைப்பாம்பு பிடிக்கப் போயிருந்தார், அங்கிருந்தே பேசினார். நிதானமான மனிதர். சொன்னவை: அந்த வயதில் அதற்கு நீந்தத் தெரியாது. பெரியவைதான் கழுத்தைக் கவ்வித் தூக்கிப்போய்ப் பழக்கும். நீர்மட்டத்துக்கு மேலே அதே கரையில் ஏற்றி வையுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், பால் கொடுக்க வேண்டாம். ஆள்கள் விலகட்டும். குடும்பம் வரலாம். வராவிட்டால் காலையில் வந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

டீச்சரிடம் சொன்னேன்.

"நான் தூக்கிருவேன் அக்கா. காவியா விடமாட்டேங்குது. பேப்பர்ல எழுதினவங்களே சொல்லட்டும்னு நிக்குது."

"போனை அவகிட்ட குடுங்க."

காற்றின் இரைச்சல். பிறகு ஒரு கறாரான சின்னக் குரல்.

"நீங்கதான் எழுதினீங்களா ஆண்ட்டி?"

"நான்தாம்மா."

"தொடாதீங்க தூக்காதீங்கன்னு போட்டுட்டு, இப்ப தூக்கச் சொல்றீங்க?"

"நான் எழுதினது கடல்நாயைப் பத்தி. இது நீர்நாய். வேற பிராணி."

"ரெண்டும் நாய்தானே?"

"ரெண்டுமே நாய் இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு நாய்னு எழுதினீங்க?"

கண்ணாடிக் கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் விடவில்லை. "தூக்கினா அம்மா திரும்பி வந்து தேடும். நீங்கதான் எழுதியிருக்கீங்க. மணி அங்கிள் தூக்கிட்டுப் போறதுக்குத்தானே எல்லாரும் இப்படிச் சொல்றீங்க?"

அதிகாரம் பண்ணிப் பயனில்லை என்று தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்வதைவிட நான் எழுதியது பெரிது. எழுதியதையே காட்டினால்தான் உண்டு.

"குட்டியைப் பத்தி எழுதியிருக்கேன் பாரு, அதை வாசி."

வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் நிறுத்தி: "துறைமுகக் கடல்நாய்க் குட்டி பிறந்த அன்றே நீந்தும்."

"இப்ப அதைப் பாரு. தண்ணி எங்க இருக்கு?"

"பின்னங்கால் கிட்ட."

"தண்ணி பட்டா என்ன பண்ணுது?"

"கத்துது. மேல ஏறப் பாக்குது. வழுக்கி வழுக்கி விழுது."

"நீந்தத் தெரிஞ்சது அப்படிச் செய்யுமா?"

பத்திரிகையை மடிக்கும் சத்தம்.

"டீச்சர்! தூக்குங்க! ஆனா அங்கிள் தூக்கக் கூடாது!"

போன் டீச்சரின் சட்டைப்பையில் போயிருக்க வேண்டும். சேற்றில் கால் புதையும் சத்தம், கூச்சல், ஒரு கீச்சுக் கத்தல், "துண்டைப் போடு, துண்டைப் போடு", யாரோ வழுக்கி விழுந்து மற்றவர்கள் சிரிப்பது. கடைசியில் டீச்சர்: "பல்லு இருக்குக்கா இதுக்கு! துண்டைக் கடிச்சிட்டு விடமாட்டேங்குது."

ஃபெரி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஜெட்டிக்குக் கீழே சேறே தெரியவில்லை. எல்லாம் தண்ணீர்.

கரை மேட்டில் துணிக்கூடை, சாய்த்து வைத்தது, வாய் ஆற்றைப் பார்த்தபடி. மேலே பலகை. உள்ளே துண்டும் குட்டியும். பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். அதற்கு மேல் கிட்டே போக காவியா விடவில்லை. ஒல்லி, இரட்டைப் பின்னல், முழங்கால் வரை சேறு. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"படத்துல இருக்கிற மாதிரியே இல்ல ஆண்ட்டி நீங்க."

"என் படம் எங்க போட்டாங்க?"

"நானா நினைச்சுக்கிட்டேன்."

எல்லாரையும் மளிகைக் கடை அஞ்சடி நடைபாதைக்குப் பின்வாங்கச் செய்தோம். மணி கடுப்பில் கோப்பி குடித்தார்: "நானும் காப்பாத்தத்தான் வந்தேன். வில்லன் ஆக்கிட்டீங்க." இருக்கலாம். பேசினை இன்னும் கையில் வைத்திருந்தார்.

மழை தூறியது. எதுவும் வரவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் கிளம்பினேன்.

கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டேன்.

ஞாயிறு, ஜூன் 22

எழுந்ததும் டீச்சரின் போன். கூடை காலி.

பூசைக்குப் போகவில்லை. முதல் ஃபெரி. அதிகாரி எனக்கு முன்பே வந்திருந்தார். துண்டை எடுத்து, விரித்து, திருப்பி, மோந்து பார்த்தார்.

"இரத்தம் இல்ல. நாய் எடுத்திருந்தா இருக்கும். பெரும்பாலும் குடும்பம்தான் வந்திருக்கும்."

"பெரும்பாலும்னா?"

"உடும்பு இருக்கு இங்க. அது விழுங்கினா ஒண்ணும் மிஞ்சாது."

மழை தடத்தையெல்லாம் கழுவியிருந்தது. சேறு வழவழப்பாக, யாரும் நடக்காததுபோல்.

விசாரித்ததில் ஒரே ஒருவர் தேறினார். பாக் டின், சின்னப் படகு வைத்து மீன் பிடிக்கும் மலாய்ப் பெரியவர். விடியும்போது வலை எடுத்துத் திரும்பியிருக்கிறார். ஜெட்டிப் பக்கமிருந்து நீர்நாய்க் கூட்டம் ஒன்று முகத்துவாரத்தைக் குறுக்கே கடந்து போனதாம். முன்னால் போனதன் வாயில் ஏதோ இருந்ததாம்.

என்ன என்று கேட்டேன்.

"இக்கான் கே, அனாக் கே, தாக் தாவு லா." மீனா குட்டியா, தெரியாதம்மா. இருட்டு விலகவில்லை, படகும் ஆடியது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் சாட்சி. கோர்ட்டில் இப்படி ஆள் கிடைப்பது அபூர்வம். போன் நம்பர் வாங்கிக்கொண்டேன்.

காவியா கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"அம்மா வந்து தூக்கிட்டுப் போயிருச்சா ஆண்ட்டி?"

ஆமாம் என்று சொல்வது எவ்வளவு சுலபம். டீச்சர் கண்ணைக் காட்டினார், சொல்லிவிடுங்கள் என்று.

"எனக்குத் தெரியலம்மா. வந்திருக்கலாம்." பாக் டின் சொன்னதை அப்படியே சொன்னேன். உடும்பையும் சொன்னேன்.

முகம் சுருங்கியது. "நான் சீக்கிரமா தூக்க விட்டிருந்தா, அதுக்குத் தெம்பு மிஞ்சியிருக்கும். உடும்பு வந்தா ஓடியிருக்கும்."

"நீ காவல் நிக்காட்டி அது காலையிலேயே பேசினுக்குள்ள போயிருக்கும்."

அவள் எழுந்தாள். காலியான கூடையை நிமிர்த்தி வைத்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள், ஏறாமல்.

டீச்சர்: "பத்து வயசுப் பிள்ளைகிட்ட உடும்பைச் சொல்லணுமா அக்கா?"

வீடு வந்து சேர மதியம். சாப்பிடப் பிடிக்கவில்லை. பூனை சாப்பிட்டது.

திங்கள், ஜூன் 23

வெயில். துணி துவைத்தேன். கண்ணாடியை எடுத்துவந்தேன், சட்டம் மூக்கை அழுத்துகிறது.

நவீனுக்கு எல்லாம் சொன்னேன். வருத்தப்பட்டார், மெத்தை விளம்பரத்தைத் திட்டினார். உடனே தேறிவிட்டார்.

"அக்கா, அடுத்த வாரம் முழுப் பக்கம் தர்றேன். தலைப்பு ரெடி. 'தாயிடம் சேர்ந்தது குட்டி'."

"சேர்ந்ததை யாரு பார்த்தா?"

"பிள்ளைங்க பக்கம்தானேக்கா."

"அதனாலதான் கேக்கிறேன். ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நாள் பூரா வெயில்ல நிக்கிறவங்க தம்பி அவங்க."

கொஞ்சம் யோசித்தார். "சரிக்கா. தலைப்பு நீங்களே போடுங்க. வாலை வெட்டமாட்டேன், சத்தியமா."

எழுத உட்கார்ந்தேன். 'நம் நாட்டில் கடல்நாய் இல்லை' என்பது முதல் வரி. அடுத்து காது, கால், வால்: எது எது என்று பிரித்துக் காட்ட. கடல்நாய்க் குட்டி பிறந்த அன்றே நீந்தும், நீர்நாய்க் குட்டிக்குப் பெரியவர்கள் கற்றுத்தர வேண்டும். எதைக் கண்டாலும் முதலில் தள்ளி நின்று பெரியவர்களிடம் சொல், வனவிலங்கு அலுவலகத்தைக் கூப்பிடு. பிறகு சனிக்கிழமை நடந்தது.

முடிவு: 'விடியற்காலையில் ஒரு மீனவர் நீர்நாய்க் கூட்டத்தைப் பார்த்தார். ஒன்றின் வாயில் ஏதோ இருந்தது. அது மீனா குட்டியா என்று அவருக்குத் தெரியவில்லை. நமக்கும் தெரியாது.'

சரியான வரிதான். ஆனாலும் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அனுப்புவதற்கு முன் டீச்சருக்கு ஒரு பிரதி. காவியாவிடம் காட்டுங்கள், தப்பிருந்தால் சொல்லட்டும் என்று.

செவ்வாய், ஜூன் 24

மேகமூட்டம். லிஃப்ட் வேலை செய்கிறது.

பகல் முழுதும் பதில் இல்லை. நவீன் இருமுறை கேட்டுவிட்டார். டியூஷன் விடும் நேரத்துக்கு டீச்சரின் எண்ணிலிருந்து காவியா.

"வாசிச்சேன் ஆண்ட்டி. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"அந்த மீன் பிடிக்கிற தாத்தா, வாயில என்னன்னு தெரியலன்னாரு. கண்ணுக்குத்தானே தெரியல? சத்தம் கேட்டுச்சான்னு கேட்டீங்களா? மீன் கத்தாது. இது தண்ணி பட்டாலே கத்தும். அன்னிக்கு ரோடு வரைக்கும் கேட்டுச்சு."

கேட்கவில்லை. என்ன பார்த்தீர்கள் என்றுதான் கேட்டேன். பார்த்ததைச் சொன்னார். சாட்சியிடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி அது, விட்டுவிட்டேன்.

"இப்ப கேக்கிறேன். போனை வெச்சிரு."

பாக் டின்னுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி. மூன்றாம் தடவை எடுத்தார். பின்னால் மோட்டார் சத்தம், அணைக்கச் சொன்னேன். குட்டி என்ற பேச்சையே எடுக்காமல் கேட்டேன், அவர் வாயில் நான் வார்த்தையைப் போட்டுவிடக் கூடாது: அந்தக் கூட்டம் கடக்கும்போது ஏதாவது கேட்டதா?

"பீசிங் லா! முன்னால போனதுகிட்டயிருந்துதான். மச்சாம் பாயி லாப்பார்." ஒரே கூச்சலாம். பசியெடுத்த கைப்பிள்ளை போல. கடந்து முடிக்கும்வரை நிற்கவில்லையாம். ஏன் அன்று சொல்லவில்லை? "நீ கேக்கல."

கூட்டத்தில் வேறு சிறியது நீந்தியதா என்றும் கேட்டேன். பார்க்கவில்லை என்றார். பார்க்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. அதையும் அப்படியே எழுதிச் சேர்த்தேன்.

டீச்சரின் எண்ணுக்குத் திருப்பி அடித்தேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டாள். ஹலோ இல்லை, ஆண்ட்டி இல்லை.

"கத்துச்சா?"


"கத்திச்சும்மா" என்றேன்.